யாரோடு சேர்ந்து போர் விமானம் செய்வது? ஜப்பான் முன் இருந்த நான்கு வழிகள்

ஜப்பானின் தற்காப்பு விமானப் படையில் எஃப்-2 ரகப் போர் விமானங்கள் சுமார் 90 இருக்கின்றன. கடல் வழியாக வரும் எதிரிக் கப்பல்களை ஏவுகணையால் தாக்கித் தடுப்பதுதான் அவற்றின் முதல் வேலை. 2035 வாக்கில் அவை ஓய்வு பெறத் தொடங்கும். அடுத்து என்ன என்ற கேள்விக்கு 2022 டிசம்பர் 9 அன்று விடை வந்தது: பிரிட்டன், இத்தாலி, ஜப்பான் மூன்றும் சேர்ந்து ஒரே விமானத்தை உருவாக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆயுத விஷயத்தில் அமெரிக்காவை மட்டுமே நம்பியிருந்த நாடு, இவ்வளவு பெரிய திட்டத்தில் வேறு நாடுகளோடு கைகோத்தது அதுதான் முதல் முறை.

இந்த முடிவைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிறேன். காரணம், பணமும் அறிவும் ஓரளவு உள்ள எந்த நாடும் இதே நான்கு வழிகளின் முன்னால்தான் வந்து நிற்கிறது. நேச நாட்டிடம் ஆயத்தமாக வாங்கலாம். எல்லாவற்றையும் தனியாகவே செய்யலாம். தலைமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பெரிய நாட்டு நிறுவனம் ஒன்றை உதவிக்கு அழைக்கலாம். அல்லது தன்னையொத்த நாடுகளுடன் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம். இந்த நான்கையும் ஜப்பான் காகிதத்தில் மட்டும் ஒப்பிடவில்லை. ஒவ்வொன்றிலும் கொஞ்சமாவது நடந்து பார்த்தது.

ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும். புதிய விமானத்துக்கு என்னென்ன வேண்டும் என்று ஜப்பான் அரசு வெளிப்படையாகவே சொல்லியிருந்தது: எதிர்கால வான்போருக்கு ஏற்ற திறன், அடுத்த தலைமுறைத் தொழில்நுட்பங்களை ஏற்கும் வசதி, பின்னால் மேம்படுத்த இடம், விரும்பியபடி மாற்றி அமைக்கும் சுதந்திரமும் உள்நாட்டுத் தொழில் அடித்தளமும், கட்டுப்படியாகும் செலவு. பட்டியலைப் படித்ததும் கண் முதலில் திறனுக்கும் செலவுக்கும்தான் போகும். என் பார்வையில் முழு முடிவையும் தீர்மானித்தது அந்த ‘மாற்றி அமைக்கும் சுதந்திரம்’.

அது ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு போர் விமானம் 30, 40 ஆண்டுகள் உழைக்கும். அதற்குள் எதிரியின் ரேடார் மாறும், புதிய ஏவுகணைகள் வரும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் விமானத்தின் மென்பொருளைத் தொட வேண்டும். மூலநிரல், அதாவது சோர்ஸ் கோட், கையில் இல்லாவிட்டால் வைத்திருப்பவரிடம் போய் வரிசையில் நிற்க வேண்டியதுதான். பிரிட்டனுக்கு நடந்தது இது. எஃப்-35 என்ற அமெரிக்கப் போர் விமானத் திட்டத்தில் அமெரிக்காவுக்கு அடுத்த முதல்நிலைக் கூட்டாளி அந்த நாடு. 200 கோடி டாலருக்கு மேல் முதலீடு செய்திருந்தது. இருந்தும் 2006-ல், மென்பொருளையும் தொழில்நுட்பத்தையும் போதுமான அளவு தராவிட்டால் விலகிக்கொள்வோம் என்று மிரட்டும் நிலைக்கு வந்தது. அமெரிக்க அதிபர் புஷ்ஷும் பிரிட்டன் பிரதமர் பிளேரும் பேசித்தான் அது தணிந்தது. அப்படியும், ஐரோப்பிய நாடுகள் கூட்டாகச் செய்த மீட்டியோர் ஏவுகணையை பிரிட்டனின் எஃப்-35-இல் பொருத்தும் வேலை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. ஏவுகணை தன்னுடையது, விமானமும் தன்னுடையது, இரண்டையும் இணைக்கும் நேரம் மட்டும் தன் கையில் இல்லை.

ஜப்பானுக்கு இந்தப் பாடம் பிரிட்டனைப் பார்த்து வந்ததல்ல. ஓய்வு பெறப்போகிறதே அந்த எஃப்-2, அதுவே சொல்லிக்கொடுத்தது.

1980-களின் நடுவில் ஜப்பான், பழைய எஃப்-1 விமானத்துக்குப் பதிலாகச் சொந்தமாக ஒரு விமானம் செய்ய விரும்பியது. அமெரிக்கா விரும்பவில்லை. கார்களும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் ஜப்பானிலிருந்து வந்து குவிந்த காலம் அது. வணிகப் பற்றாக்குறை அமெரிக்க அரசியலில் கொதித்துக்கொண்டிருந்தது. போதாததற்கு, நீர்மூழ்கிக் கப்பல்களின் உந்துசுழலிகளைச் சத்தமில்லாமல் சுழலும்படி செதுக்க உதவும் இயந்திரங்களைத் தோஷிபாவின் துணை நிறுவனம் சோவியத் யூனியனுக்கு விற்றது 1987-ல் வெளியே வந்தது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் வாஷிங்டனில் தோஷிபா வானொலிப் பெட்டி ஒன்றைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். அந்தச் சூழலில், அதே ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் எஃப்-16 விமானத்தை மாற்றி அமைத்துக்கொள்கிறோம் என்று ஜப்பான் இறங்கிவந்தது; அதுதான் பின்னால் எஃப்-2 ஆனது. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் இஸ்ரேலும் தன் லாவி விமானத் திட்டத்தை அமெரிக்க அழுத்தத்தின் நடுவே கைவிட்டிருந்தது.

ஒப்பந்தம் 1988-ல் கையெழுத்தானது. மறு ஆண்டே புதிய அமெரிக்க அரசு அதை மறுபடி பிரித்துப் பார்த்தது. தயாரிப்பு வேலையில் சுமார் 40 விழுக்காடு அமெரிக்க நிறுவனங்களுக்கு என்று உறுதியானது. விமானம் பறக்கும்போது அதைக் கட்டுப்படுத்தும் கணினியின் மூலநிரல் மட்டும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் ஜப்பான் செய்த கார்பன் இழைக் கலவை இறக்கையின் தொழில்நுட்பம் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். பெரிய பாகமாக வார்த்து ஒரே முறையில் இறுக்கி எடுக்கும் அந்த இறக்கை அன்றைக்குப் புதுமை. எஃப்-2-இன் ரேடாரும் அப்படித்தான்: மின்னணு முறையில் கற்றையைத் திருப்பும் ஏஇஎஸ்ஏ ரகத்தை ஒரு போர் விமானத்தில் வைத்துப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த முதல் நாடு ஜப்பான்.

சரி, நிரல் இல்லாமல் எஃப்-2 எப்படிப் பறந்தது? ஜப்பான் பொறியாளர்கள் தாங்களே எழுதினார்கள். எழுத முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1983-லேயே டி-2 பயிற்சி விமானம் ஒன்றைப் பிரித்து மாற்றி, கணினியால் பறக்கும் பரிசோதனை விமானமாக ஆக்கிப் பழகியிருந்தார்கள். அன்றைக்கு அது ஒரு சின்ன ஆராய்ச்சி. படைக்கு ஒரு விமானம்கூடத் தரவில்லை. ஆனால் கதவு சாத்தப்பட்டபோது கைகொடுத்தது அதுதான்.

இதைப் படிக்கும்போது எனக்குப் பெங்களூரு நினைவுக்கு வராமல் இருக்காது. 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்கத் தடை வந்தது. தேஜஸ் விமானத்தின் பறப்புக் கட்டுப்பாட்டு அமைப்புக்காக அமெரிக்க விமான நிறுவனமான லாக்ஹீட் மார்ட்டினுடன் நடந்துகொண்டிருந்த கூட்டு வேலை நின்றது. நம் பொறியாளர்கள் அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். மிச்சத்தை இங்கேயே செய்து முடித்து, 2001 ஜனவரி 4 அன்று பறக்கவிட்டார்கள். அந்த வலி எப்படியிருந்திருக்கும் என்று ஜப்பானியர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

எஃப்-2 1995-ல் முதன்முதலாகப் பறந்தது. 141 விமானம் வாங்குவதாகத் தொடங்கிய திட்டம், முன்மாதிரிகளைக் கழித்தால் 94-ல் முடிந்தது. ஒரு விமானத்தின் விலை சுமார் 1,200 கோடி யென், அசல் எஃப்-16-ஐவிட மிக அதிகம். அமெரிக்காவிலும் யாருக்கும் திருப்தி இல்லை, ஜப்பானிலும் இல்லை. ஆகவே 2018-ல் அடுத்த விமானத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தவர்கள் மனதில், மறுபடி ஒரு எஃப்-2 வேண்டாம் என்ற எண்ணம் அழுத்தமாக இருந்திருக்கும்.

இனி வழிகளுக்கு வருவோம்.

வாங்குவது. இதில் விரைவு உண்டு, சோதித்துப் பார்த்த பொருள் என்ற நிம்மதி உண்டு. ஜப்பான் முதலில் ஆசைப்பட்டது அமெரிக்காவின் எஃப்-22 மீது. அதை எந்த வெளிநாட்டுக்கும் விற்கக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் 1998 நிதியாண்டுக்கான சட்டத்திலேயே தடை போட்டுவிட்டது. நெருங்கிய நேச நாட்டுக்கும் விலக்கு இல்லை. பிறகு 2011-ல் எஃப்-35-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். மொத்தம் 147 விமானங்கள் திட்டம். நாகோயாவில் மிட்சுபிஷி ஆலையில் இணைப்பு வேலையும் நடக்கிறது. ஆனால் பிறர் வரைந்ததை அப்படியே பூட்டுவதால் வரைபவர்கள் உருவாக மாட்டார்கள். எஃப்-2 வடிவமைத்த தலைமுறை ஓய்வு பெற்றுக்கொண்டிருந்த நேரத்தில் ஜப்பானை உறுத்தியது இதுதான். எஃப்-22-இன் உடலில் எஃப்-35-இன் மின்னணு அமைப்புகளை வைத்துத் தருகிறோம் என்று லாக்ஹீட் மார்ட்டின் கேட்டுப் பார்த்தது. ஜப்பான் ஏற்கவில்லை.

தனியாகச் செய்வது. உண்மையைச் சொன்னால் என் மனம் சாயும் பக்கம் இது, ஆனால் கணக்கு சாயவில்லை. 2016 ஏப்ரல் 22 அன்று எக்ஸ்-2 என்ற பரிசோதனை விமானம் நாகோயாவிலிருந்து கிஃபு தளத்துக்குப் பறந்தது. ரேடாரில் எளிதில் சிக்காத உடலமைப்பைச் செய்யத் தங்களுக்குத் தெரியும் என்று காட்டத்தான் அது. 2018-ல் ஐஎச்ஐ நிறுவனம் எக்ஸ்எஃப்9 என்ற இன்ஜினைக் கட்டிக் கொடுத்தது. 15 டன் உந்துவிசை. உள்ளே விசையாழிக்குள் நுழையும் வாயுவின் வெப்பம் 1,800 டிகிரி செல்சியஸ். இந்த வெப்பத்தில் உருகாமல், நீளாமல் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றும் உலோக இதழ்களைச் செய்யத் தெரிந்த நாடுகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். இந்தியா சொந்தமாகச் செய்ய முயன்ற காவேரி இன்ஜின் எங்கே தடுக்கியது என்று தெரிந்தவர்களுக்கு அந்த எண்ணின் கனம் புரியும்.

அப்படியானால் ஏன் தனியாகப் போகவில்லை? எண்ணிக்கைதான் காரணம். ஒரு புதிய போர் விமானத்தை உருவாக்கும் செலவை 90 விமானங்களின் மீது பிரித்தால் ஒவ்வொன்றின் தலையிலும் பெரும் சுமை ஏறும். பிரான்ஸ் 1985-ல் ஐரோப்பியக் கூட்டிலிருந்து வெளியேறித் தனியாக ரஃபால் செய்தது. அந்த நாடு சமாளித்தது ஏற்றுமதியால்: இந்தியா 36, ஐக்கிய அரபு அமீரகம் 80, அப்புறம் எகிப்து, கத்தார் என்று. அதுவும் முதல் வெளிநாட்டு ஆர்டர் 2015 வரை வரவில்லை. அதுவரை முழுச் சுமையும் பிரெஞ்சு மக்களின் வரிப்பணத்தில். ஜப்பானோ 1967-லிருந்தே ஆயுத ஏற்றுமதிக்குத் தனக்குத்தானே கடிவாளம் போட்டுக்கொண்ட நாடு. 1976-ல் அது இன்னும் இறுகி, 2014-ல்தான் தளர்ந்தது. அதன் பிறகு முழுமையான பாதுகாப்புக் கருவி ஒன்றை முதன்முதலாக வெளிநாட்டுக்கு விற்றது 2020-ல்தான், பிலிப்பைன்ஸுக்குக் கொடுத்த ரேடார். விற்கப் பழகாத நாடு ரஃபால் வழியில் போக முடியாது.

மூன்றாவது வழி, தலைமை நம்மிடம், உதவி அவர்களிடமிருந்து. 2020 அக்டோபரில் மிட்சுபிஷி கனரகத் தொழில் நிறுவனத்தை முதன்மை ஒப்பந்ததாரராக்கினார்கள். டிசம்பரில் லாக்ஹீட் மார்ட்டினை ஒருங்கிணைப்பு உதவிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பார்க்க நல்ல ஏற்பாடு. அமெரிக்காவும் மனம் கோணாது, பேனாவும் தன் கையில் இருக்கும். இரண்டே ஆண்டில் அது கரைந்துபோனது. எஃப்-22, எஃப்-35 ஆகியவற்றின் உள்விவரங்களைப் பகிர அமெரிக்கத் தரப்புக்கு இருந்த தயக்கம் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. தென் கொரியா கிட்டத்தட்ட இதே வழியில் கேஎஃப்-21 செய்தது. ரேடார் உட்பட நான்கு முக்கியத் தொழில்நுட்பங்களைத் தர 2015-ல் அமெரிக்கா மறுத்தது. கொரியர்கள் சோர்ந்துவிடாமல் ரேடாரைத் தாங்களே செய்து, 2022 ஜூலையில் விமானத்தைப் பறக்கவிட்டார்கள். ஆனால் அதன் இன்ஜின் இன்னும் அமெரிக்கத் தயாரிப்பு; யாருக்கு விற்பதென்றாலும் வாஷிங்டனின் சம்மதம் வேண்டும். உதவிக்கு வருபவர் உங்களைவிட மிகப் பெரியவராக இருந்தால் எந்தக் கதவைத் திறப்பது என்பது அவர் விருப்பம். காகிதத்தில் தலைமை யார் பெயரில் இருந்தாலும் இதுதான் நடக்கிறது.

நான்காவது வழியான சமபங்குக் கூட்டு எப்படித் திறந்தது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். பிரிட்டன் 2018-ல் டெம்பெஸ்ட் என்ற தன் எதிர்கால விமானத்தை அறிவித்திருந்தது. அதற்கும் இலக்கு 2035, அதுவும் இரட்டை இன்ஜின் கொண்ட பெரிய விமானம். முக்கியமாக, பிரிட்டனுக்கும் தன் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் வேண்டியிருந்தது. எஃப்-35 அனுபவம் அவர்களையும் அதே இடத்துக்குக் கொண்டுவந்திருந்தது. முதல் கைகுலுக்கல் விமானத்துக்காக நடக்கவில்லை. 2021 டிசம்பரில் ரோல்ஸ்-ராய்ஸும் ஐஎச்ஐ-யும் சேர்ந்து ஒரு சோதனை இன்ஜின் செய்வதாகத்தான் ஒப்புக்கொண்டார்கள். சில வாரங்களில் ரேடார் உணரியிலும் கூட்டு ஆராய்ச்சி தொடங்கியது. ஓராண்டு கழித்து விமானமே ஒன்றானது; டெம்பெஸ்டில் 2019-லேயே கைகோத்திருந்த இத்தாலியும் கூடவே வந்தது.

உலகப் புகழ்பெற்ற ரோல்ஸ்-ராய்ஸ் சமமாக உட்கார்ந்து பேசியதென்றால், எதிரே எக்ஸ்எஃப்9 சோதனை மேடையில் ஓடிக் காட்டியிருந்ததுதான் காரணம். தனியாகச் செய்து பார்த்த செலவை வீண் என்று 2018-ல் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். எனக்குத் தெரிந்து ஜப்பான் செலவழித்ததிலேயே நல்ல பணம் அது. தனி முயற்சியையும் கூட்டு முயற்சியையும் எதிரெதிர் வழிகளாக வைத்து ஒப்பிடுவது வழக்கம், நானும் மேலே அப்படித்தான் பிரித்தேன். ஆனால் ஜப்பான் விஷயத்தில் முதலாவது இல்லாமல் இரண்டாவது கிடைத்திருக்காது. கையில் ஒன்றும் இல்லாமல் கூட்டுக்குப் போயிருந்தால் பணம் கட்டும் வாடிக்கையாளராக ஒரு ஓரத்தில் உட்காரவைத்திருப்பார்கள்.

செலவு? பலநாட்டு ஆயுதத் திட்டங்களைப் பற்றி ஒரு பழைய கைக்கணக்கு உண்டு: கூட்டாளிகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுங்கள், மொத்தச் செலவு அத்தனை மடங்காகும். தனியாக 100 ரூபாய் ஆகும் வேலை மூன்று பேர் சேர்ந்தால் 173 ரூபாய், ஆளுக்கு 58. வேலை இரட்டிப்பாவது, கூட்டங்கள், சமரசங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 73. மிச்சம் உண்டு, ஆனால் மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார்.

அந்த 73 ரூபாய் எங்கே போகிறது என்பதற்கு யூரோஃபைட்டர் போர் விமானம் நல்ல உதாரணம். பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் நான்கும் சேர்ந்து செய்தன. நாட்டுக்கு ஒன்றாக நான்கு இறுதி இணைப்பு ஆலைகள். வாங்கும் எண்ணிக்கைக்கு ஏற்ப வேலைப் பங்கு என்று விதி. ஜெர்மனி 250 என்று சொல்லி, பிறகு 180 ஆகக் குறைத்தது, வேலைப் பங்கை அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. 1994-ல் பறந்த விமானம் படைக்கு வர 2003 ஆனது. சவூதி அரேபியாவுக்கு மேலும் விமானங்கள் விற்க பிரிட்டன் விரும்பியபோது ஜெர்மனி பல ஆண்டுகள் குறுக்கே நின்று, 2024 ஜனவரியில்தான் ஒதுங்கியது. பிரான்ஸும் ஜெர்மனியும் 2017-ல் தொடங்கி, பின்னால் ஸ்பெயினும் சேர்ந்த மற்றொரு எதிர்கால விமானத் திட்டத்திலோ, யார் தலைமை என்று பிரெஞ்சு நிறுவனமான டசோவும் ஜெர்மனி தரப்பின் ஏர்பஸும் ஊரறியச் சண்டை போட்டிருக்கின்றன.

இந்தத் தவறுகளைத் தெரிந்துகொண்டுதான் மூன்று நாடுகளும் அமைப்பை வரைந்திருக்கின்றன. 2023 டிசம்பர் 14 அன்று டோக்கியோவில் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி அரசுகள் சார்பில் ஒரே முகமை, பிரிட்டனின் ரெடிங் நகரில். அதன் முதல் தலைவர் ஜப்பானியர். தொழில் பக்கம் பிரிட்டனின் பிஏஇ, இத்தாலியின் லியோனார்டோ, ஜப்பானின் கூட்டு நிறுவனம் மூன்றும் தலா 33.3 விழுக்காடு பங்கு வைத்த எட்ஜ்விங் என்ற ஒரே நிறுவனம் 2025 ஜூனில் வந்தது. அதன் முதல் தலைவர் இத்தாலியர். தனித்தனி நிறுவனங்கள் வேலையைத் துண்டு போட்டுக்கொள்வதைவிட வடிவமைப்பின் பொறுப்பு ஓரிடத்தில் இருப்பது மேல் என்று நம்புகிறேன். அதற்காக உரசலே இல்லை என்று நினைக்க வேண்டாம். பிரிட்டன் தொழில்நுட்பத்தை முழுமையாகப் பகிர்வதில்லை என்று இத்தாலியப் பாதுகாப்பு அமைச்சர் குய்தோ குரொசெட்டோ 2025-ல் வெளிப்படையாகவே குறைப்பட்டார். சமபங்கு என்று எழுதிவிட்டால் பழக்கங்கள் மறுநாளே மாறிவிடாது.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்குக் கிடைப்பது இது. அவசரமாக விமானம் வேண்டும் என்றால் வாங்குவதை விஞ்ச எதுவும் இல்லை. முழுச் சுதந்திரம் வேண்டும் என்றால் தனிவழி. ஆனால் நூற்றுக்கணக்கில் வாங்கும் படையோ, துணிந்து விற்கும் அரசோ இருந்தால்தான். மூன்றாவது வழியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்; சுதந்திரத்தின் தோற்றத்தைக் கொடுத்து, தேவைப்படும் நாளில் கையை விரிக்கும் வழி அது. ஜப்பானுக்கு நான்காவதே சரி. தேவையும் காலக்கெடுவும் ஒத்துப்போன கூட்டாளிகள் கிடைத்தார்கள், யாரும் மற்றவரைவிட மலையளவு பெரியவர் இல்லை, ஒவ்வொருவரும் கையில் ஏதோ ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் என் பதில் மாறியிருக்கும்.

மனதுக்குள் உறுத்தும் இடம் ஏற்றுமதி. செலவைத் தாங்க மூன்று நாட்டுப் படைகளின் தேவை மட்டும் போதாது, வெளியேயும் விற்க வேண்டும். இதற்காக ஜப்பான் அமைச்சரவை 2024 மார்ச் 26 அன்று விதியைத் தளர்த்தியது. ஆனால் அப்போது வைத்த நிபந்தனைகளின்படி போர் நடக்கும் நாட்டுக்கு விற்கக் கூடாது, ஜப்பானுடன் பாதுகாப்புக் கருவி உடன்பாடு உள்ள நாடாக இருக்க வேண்டும், ஒவ்வொரு விற்பனைக்கும் அமைச்சரவை தனியாக ஒப்புதல் தர வேண்டும். போரைத் துறக்கும் அரசியலமைப்பின் கீழ் வாழும் மக்களின் தயக்கம் இது, நான் அதை மதிக்கிறேன். அதே நேரத்தில், யூரோஃபைட்டர் விற்பனையில் ஜெர்மனி நின்ற இடத்தில் ஒருநாள் ஜப்பான் நிற்க நேரலாம் என்பதையும் பிரிட்டனும் இத்தாலியும் கணக்கில் வைத்திருக்க வேண்டும். சவூதி அரேபியா இந்தத் திட்டத்தில் சேர ஆர்வம் காட்டியபோதே மூன்று நாடுகளின் மனமும் ஒரே பக்கம் இல்லை என்று தெரிந்துவிட்டது.

இன்னொன்று காலம். இப்படிப்பட்ட கூட்டுத் திட்டங்களில் சொன்ன ஆண்டில் வந்தவை அரிது. ஐரோப்பாவில் பிந்தினால் பழைய விமானங்களை இன்னும் சில ஆண்டு ஓட்டலாம். ஜப்பானின் நிலை வேறு. 2016 நிதியாண்டில் மட்டும் அந்நிய விமானங்களை எதிர்கொள்ள அதன் போர் விமானங்கள் 1,168 முறை அவசரமாக எழும்பின, பெரும்பாலும் சீன விமானங்களுக்காக. அத்தனை உழைக்கும் விமானங்களுக்கு வயது சீக்கிரம் கூடும். அதனால்தான் ஜப்பான் சமபங்கு வழியைத் தேர்ந்த பிறகும் வாங்கும் வழியை மூடவில்லை. 147 எஃப்-35 வாங்கும் திட்டம் அப்படியே இருக்கிறது, பழைய எஃப்-15-களில் 68-ஐ அமெரிக்க உதவியுடன் மேம்படுத்தும் வேலையும் நடக்கிறது. புதிய விமானம் 2035-ல் வராமல் 2038-ல் வந்தால், இடையில் ஜப்பான் வானத்தைக் காப்பவை அவைதான்.